அமெரிக்காவில் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் ரெப்ளிகா வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

நான் டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை கவ்பாய் ஆக்‌ஷன் போட்டிக்கு அழைத்துப் போனார். பழைய கால உடையும் தொப்பியுமாக வந்தவர்கள் இரும்புத் தகடுகளைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் இடுப்பில் 1873 கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி மாதிரி ரிவால்வர்; ஒவ்வொரு முறை சுடும் முன்னும் பின்பக்கச் சுத்தியலை (ஹேமர்) கட்டை விரலால் இழுக்க வேண்டிய பழைய வகை. விசாரித்தால் பெரும்பாலானவை இத்தாலியில் செய்த ரெப்ளிகா. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதன் பிறகு ஐந்து மாதம் ஆனது. படத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்கிய முதல் ரிவால்வரில் தோட்டா வைக்கும் சுழல் உருளை, அதாவது சிலிண்டர், சரியாகப் பூட்டவில்லை. என் பெயருக்கு மாறிவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அடுத்த முறை என் பெயரால் பின்னணிச் சோதனையில் தடங்கல். இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ரெப்ளிகா என்றால் பொம்மை இல்லை. நிஜத் தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி. சட்டத்தின் கண்ணில் மற்ற எந்தக் கைத்துப்பாக்கியும் போலத்தான். சுவரில் மாட்ட மட்டும் வேண்டும் என்றால் ஸ்பெயினின் டெனிக்ஸ் போன்றவர்கள் செய்யும், சுடவே முடியாத உலோக மாதிரி போதும்.

1. விசா நிலையைப் பாருங்கள்

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் கூட்டரசுச் சட்டப்படி வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; அதுவும் நீங்கள் வசிக்கும் மாநிலத்துக் கடையில்தான் கைக்கு வரும்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. அதிகம் பேசப்படுவது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். நம் ஆட்கள் பலர் விழும் பொறி இங்கேதான் இருக்கிறது: ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) துப்பாக்கியை வாடகைக்கு எடுத்து அரைமணி நேரம் சுட்டாலும் அது “வைத்திருத்தல்” கணக்கில் வரும். எல்லோரும் போகிறார்களே என்று போய்விடாதீர்கள். துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு உள்ளவரையே நாட்டை விட்டு அனுப்ப அது ஒரு காரணமாகும். தற்காலிக விசாவில் இருந்தால் கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேளுங்கள். பத்து வருடம் காத்திருந்து வாங்கிய வாழ்க்கையை ஒரு பொழுதுபோக்குக்காகப் பணயம் வைக்கக் கூடாது.

மாநிலச் சட்டம் தனி. டெக்ஸாஸில் வாங்குவதற்கு மாநில அனுமதியும் இல்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வுச் சான்றிதழும் 10 நாள் காத்திருப்பும் உண்டு. நியூ ஜெர்ஸியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். இல்லினாயில் அடையாள அட்டை ஒன்று முதலில் தேவை, பிறகு 72 மணி நேரக் காத்திருப்பு. இந்தச் சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் மாநில அரசின் தளத்தில் இன்றைய நிலையைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. எதற்கு என்று முடிவு செய்து, தோட்டா அளவைத் தேர்ந்தெடுங்கள்

நான் முதலில் கம்பெனிப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அது தலைகீழ். முதலில் முடிவாக வேண்டியது தோட்டா, ஏனென்றால் துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா மாதாமாதம்.

பழைய காலத்துத் தோட்டா .45 கோல்ட். அழகாகத்தான் இருக்கும். ஆனால் 50 தோட்டா பெட்டி நான் பார்த்த கடைகளில் 45 டாலருக்குக் குறையவில்லை. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். அது பெட்டி 28 டாலர் அளவில் கிடைத்தது, அதிர்வும் குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு .357 தான் என் பரிந்துரை. இதைத் திருப்பிச் செய்ய முடியாது: .38 ஸ்பெஷலுக்கு மட்டும் செய்த துப்பாக்கியில் .357 போடவே கூடாது.

குழல் நீளம் மூன்று: 4¾, 5½, 7½ அங்குலம். 7½ அங்குலம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், உறையிலிருந்து எடுக்கச் சிரமம். நான் 5½ எடுத்தேன்.

கவ்பாய் போட்டிகளை நடத்தும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி பொதுவாக இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன் வேண்டும். தோட்டாவின் குண்டு ஈயத்தில் இருக்க வேண்டும், ரிவால்வர் தோட்டாவின் வேகம் நொடிக்கு 1000 அடியைத் தாண்டக் கூடாது. போட்டிதான் நோக்கம் என்றால் ஒரே மாதிரி இரண்டு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் அவசரப்படாதீர்கள். கிளப்புக்கு இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். அங்கே தங்கள் துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்க யாராவது முன்வருவார்கள், எனக்கும் அப்படித்தான் நடந்தது.

3. குழலில் இருக்கும் பெயரும் செய்தவர் பெயரும் வேறு வேறு

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். இத்தாலியின் பிரெஷா மாவட்டத்தில் உபெர்ட்டி, பியெட்டா என்று இரண்டு தொழிற்சாலைகள். இங்கே விற்கும் 1873 ரெப்ளிகாக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருகின்றன. அவற்றை அமெரிக்க இறக்குமதியாளர்கள் தங்கள் பெயரில் விற்கிறார்கள்: டெக்ஸாஸ் ஃப்ரெடரிக்ஸ்பர்கில் இருக்கும் சிமரான், வர்ஜீனியா வின்செஸ்டரில் இருக்கும் டெய்லர்ஸ், அப்புறம் இ.எம்.எஃப். ஆகவே “சிமரான் நல்லதா, உபெர்ட்டி நல்லதா” என்ற கேள்விக்குப் பல சமயம் பொருளே இல்லை. இறக்குமதியாளர் கூடுதலாகத் தருவது வேறு: பாலிஷ், முத்திரை எழுத்துகள், சில மாடல்களில் ஸ்பிரிங்குகளை இலகுவாக்கி ட்ரிகரைச் சீர்படுத்தும் வேலை. அந்த வேலைக்கு 100, 150 டாலர் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். பெயருக்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

இத்தாலியத் துப்பாக்கிகள் எல்லாமே அரசுச் சோதனை நிலையத்தில் அழுத்தச் சோதனை முடித்துத்தான் வெளியே வரும். ஃப்ரேமிலும் (துப்பாக்கியின் உடல் பகுதி) குழலிலும் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருந்தால் அது சோதித்த ஆண்டின் குறியீடு. பழையதை வாங்கும்போது “இது போன வருடத்துத் துப்பாக்கி” என்று யாராவது சொன்னால் இதை வைத்துச் சரிபார்க்கலாம்.

ரூகர் வாகெரோ அமெரிக்கத் தயாரிப்பு. வெளித்தோற்றம் பழையது, உள்ளே நவீன அமைப்பு. அதில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற தகடு இருப்பதால் ஆறு தோட்டாவும் போட்டு வைக்கலாம், கீழே விழுந்தாலும் வெடிக்காது. விலை கூடுதல், ஹேமரை இழுக்கும்போது கேட்கும் பழைய “நான்கு கிளிக்” சத்தம் வராது. பாதுகாப்பு பெரிதாகத் தெரிந்தால் இதை எடுங்கள். அசலின் உணர்வு வேண்டும் என்றால் இத்தாலியத் தயாரிப்பு. கோல்ட் கம்பெனியின் இன்றைய சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி 1,800 டாலருக்கு மேல். முதல் துப்பாக்கிக்கு அது தேவையில்லை.

தோட்டா இல்லாமல் கருமருந்தும் ஈயக் குண்டும் தனித்தனியாக இட்டுச் சுடும் 1851 நேவி, 1860 ஆர்மி ரெப்ளிகாக்கள் கூட்டரசுச் சட்டத்தில் வேறு வகை. அவற்றுக்கு, மற்ற துப்பாக்கிகளை வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற கூட்டரசுப் படிவம் கிடையாது. ஆனால் சில மாநிலங்கள் அவற்றையும் கைத்துப்பாக்கியாகவே பார்க்கின்றன, சுத்தம் செய்யும் வேலையும் பெரிது. தொடக்கத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

4. கையில் எடுத்துச் சோதியுங்கள்

ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல், ஒரே நாளில் வந்த இரண்டு பெட்டி. ஒன்று நெய் போல இயங்கும், இன்னொன்று மணலில் அரைப்பது போல இருக்கும். இதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதாது, அந்த ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, ட்ரிகரில் விரல் வைக்காமல், ஹேமரைப் பாதியளவு இழுத்து, வலப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள். வாகெரோவில் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

அடுத்தது சிலிண்டர் பூட்டு. நான் ஏமாந்தது இதில்தான். இடது கை விரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்துக்கொண்டு, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் “டக்” என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்றுவிட்டது, சிலிண்டரை இன்னும் கொஞ்சம் கையால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் அதை வாங்காதீர்கள். தோட்டா அறையும் குழலும் ஒரே நேர்கோட்டில் வராமல் சுட்டால் ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். ஒரு அறையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆறையும் பாருங்கள். என் முதல் ரிவால்வரில் நான்கு அறை ஒழுங்காகப் பூட்டின, இரண்டு பூட்டவில்லை.

ஹேமர் பின்னால் இருக்கும்போதே சிலிண்டரை இடம் வலமாக ஆட்டுங்கள். மிக லேசான அசைவு இருக்கலாம், கடகடவென்று ஆடக் கூடாது. முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக, மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருந்தால் நல்லது. அளக்கும் தகட்டுக் கருவி வாகன உதிரிபாகக் கடையில் பத்து டாலருக்குள் கிடைக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பின்பு, ஹேமர் முழுவதும் பின்னால் நிற்க, ட்ரிகரைத் தொடாமல் கட்டை விரலால் ஹேமரை முன்பக்கம் லேசாக அழுத்துங்கள். தானாக விழுந்தால் உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் வெட்டு தேய்ந்திருக்கிறது, அது ஆபத்து. சோதித்த பிறகு ஹேமரை விரலால் பிடித்தபடி மெதுவாக இறக்குங்கள். பழைய பாணி ரிவால்வரில் பாதி நிலையிலிருந்து நேரே இறக்கக் கூடாது. முழுவதும் பின்னால் இழுத்துவிட்டு இறக்குங்கள். இல்லாவிட்டால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கீறல் வளையம் விழும். பழைய துப்பாக்கியில் அந்த வளையத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், முந்தைய சொந்தக்காரர் இப்படி இறக்கியிருப்பார். விலையைக் குறைத்துக் கேட்க அது உதவும்.

பின்னாலிருந்து பாருங்கள்: முன் குறி (குழல் நுனியில் நிற்கும் சின்னத் தகடு) நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் குழலைத் திருகியது சரியில்லை, குண்டு ஒரு பக்கமாகவே போகும். குண்டு குறிக்குக் கீழே போவது வேறு விஷயம், அது குறையல்ல. முன் குறியை உயரமாக விட்டிருப்பார்கள். அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் மேலே ஏறும்.

மரப்பிடியும் உலோகமும் சேரும் இடத்தில் நகம் மாட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத கருவியால் திறந்திருக்கிறார்கள். ஃப்ரேமில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் வண்ணக் கோலத்தைப் பார்த்து மயங்காதீர்கள், தரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஒரு தகவல். சில இத்தாலிய மாடல்களில் சிலிண்டரின் நடுக்கம்பியில் இரண்டு பள்ளம் இருக்கும். கம்பி உள்பள்ளம் வரை தள்ளப்பட்டிருந்தால் ஹேமர் கடைசி வரை இறங்காது. அது பாதுகாப்புப் பூட்டு. உடைந்த துப்பாக்கி என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். துப்பாக்கி உங்கள் வீட்டுக்கு வராது, நீங்கள் சொல்லும் லைசென்ஸ் உள்ள உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். அங்கே படிவத்தை நிரப்பும் முன் பெட்டியைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். குறை இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லலாம். துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறிய பிறகு பல விற்பனையாளர்கள் திரும்பப் பெற மாட்டார்கள். எனக்கு இதை யாரும் முன்னால் சொல்லவில்லை.

5. ஆவணங்களும் 4473 படிவமும்

எடுத்துப் போக வேண்டியவை: டிரைவிங் லைசென்ஸ், கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி எண். லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் அரசு கொடுத்த வேறு ஆவணம், உதாரணமாக வாகனப் பதிவுச் சான்று, புது முகவரியோடு வேண்டும். தனியார் கம்பெனியின் மின்கட்டண ரசீது செல்லாது. நான் அதைத்தான் எடுத்துப் போனேன். நாற்பது மைல் திரும்பி வந்தேன்.

இனி பெயர். நம் பெயர்களில் முதலெழுத்து, அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தவர்களுக்கு இங்கே “எஃப்.என்.யு” (முதல் பெயர் தெரியவில்லை) என்று முதல் பெயரே விழுந்திருக்கும். படிவத்தில் சட்டப்படியான முழுப்பெயர் கேட்கிறார்கள். நடுப்பெயர் இல்லையென்றால் “என்.எம்.என்” என்று எழுத வேண்டும். பெயரில் வெறும் முதலெழுத்து மட்டும் இருந்தால் அதற்குப் பின் “ஐ.ஓ” என்று எழுத வேண்டும். லைசென்ஸும் கிரீன் கார்டும் வேறு வேறு வரிசையில் இருந்தால், கடைக்குப் போகும் முன் லைசென்ஸ் அலுவலகத்தில் சரிசெய்துகொள்ளுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதுவது கட்டாயம் இல்லை. ஆனால் எழுதுங்கள், ஒரே பெயர்க்காரரோடு உங்களைக் குழப்புவது குறையும். குடியுரிமைப் பகுதியில் இந்தியா என்றோ இலங்கை என்றோ குறித்து, கிரீன் கார்டில் உள்ள ஏலியன் எண்ணை எழுதுங்கள். “தற்காலிக விசாவில் அனுமதிக்கப்பட்டவரா” என்ற கேள்வியில், முதலில் எச்-1பியில் வந்தோமே என்று பலர் தடுமாறுகிறார்கள். நிரந்தரக் குடியிருப்பாளர் “இல்லை” என்று பதில் சொல்லலாம் என்பதைப் படிவத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. வரிக்கு வரி படித்து, புரியாததைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொய்ப் பதில் குற்றம்.

இன்னொரு கேள்வி, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது. எச்-1பியில் இருக்கும் நண்பர் பணம் கொடுக்க, அவருக்காக உங்கள் பெயரில் வாங்குவது கூட்டரசுக் குற்றம். நண்பர் எவ்வளவு நெருக்கமானாலும் மறுத்துவிடுங்கள். கஞ்சா பற்றிய கேள்வியையும் கவனியுங்கள்: மாநிலம் அனுமதித்தாலும் இந்தப் படிவம் அதை ஏற்காது.

6. எவ்வளவு நாள் ஆகும்

படிவம் முடிந்ததும் கடைக்காரர் நிக்ஸ் என்ற எஃப்.பி.ஐ. சோதனைக்கு அனுப்புவார். பலருக்குச் சில நிமிடத்தில் “தொடரலாம்” வந்துவிடும். “தாமதம்” என்று வந்தால் மூன்று வேலைநாள் கணக்கு. அதற்குள் பதில் வராவிட்டால் கொடுக்கலாம் என்று கூட்டரசுச் சட்டம் சொல்கிறது, ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சில கடைகள் பதில் வரும்வரை கொடுக்காது. முன்பே கேட்டு வையுங்கள். சோதனை 30 நாள் வரைதான் செல்லும். அதைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு முறையும் தாமதம் வந்தால் எஃப்.பி.ஐ.யிடம் கைரேகையோடு விண்ணப்பித்து யூ.பி.ஐ.என் என்ற எண்ணை வாங்கலாம். அடுத்த படிவங்களில் அதை எழுதினால் ஆள்மாறாட்டக் குழப்பம் தீரும். மாதக்கணக்கில் ஆகும், அதனால் தேவை என்று தெரிந்த அன்றே போடுங்கள்.

ஒரே கடையில் ஐந்து வேலைநாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் அதை ஏ.டி.எஃப். என்ற கூட்டரசுத் துப்பாக்கிக் கண்காணிப்புத் துறைக்குத் தனியாகத் தெரிவிப்பார். போட்டிக்கு ஜோடி வாங்குபவர்கள் இதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அது தகவல்தான்.

7. பணம்

இத்தாலிய ரெப்ளிகா 500 முதல் 700 டாலர். என் இரண்டாவது ரிவால்வர் 560. விற்பனை வரி 8.25 சதவீதம், 46 டாலர். கொண்டுவரும் செலவு 30, உள்ளூர்க் கடையின் கைமாற்றுக் கட்டணம் 35. ஆக 671. அப்புறம் நான்கு பெட்டி .38 தோட்டா 112, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு 45, சுத்தம் செய்யும் பொருள்கள் 30, தோல் பெல்ட்டும் உறையும் 140. கூட்டினால் ஆயிரத்துக்கு இரண்டு டாலர் குறைவு. கைமாற்றுக் கட்டணம் கடைக்குக் கடை மாறும், வேறு இடத்தில் வாங்கி இங்கே வரவழைத்தால் சிலர் அதிகம் கேட்பார்கள். போன் செய்து விசாரியுங்கள். பத்து டாலருக்குக் கிடைக்கும் ட்ரிகர் ஸ்பிரிங் ஒன்றையும் வாங்கி வையுங்கள்; பழைய அமைப்பில் முதலில் உடைவது அந்தத் தட்டை ஸ்பிரிங்தான்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

பழைய பாணி ரிவால்வரில் ஐந்து தோட்டாதான். ஒன்று போடுங்கள், ஒரு அறையை விடுங்கள், நான்கு போடுங்கள், ஹேமரை முழுவதும் இழுத்து மெதுவாக இறக்குங்கள். அது காலி அறை மேல் வந்து உட்காரும். முதல் பத்து முறை இதை வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா வைத்துப் பழகுங்கள். சுட்டு முடித்ததும், சாப்பிடும் முன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் உடம்புக்குக் கெடுதல்.

கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்றும் கடைக்காரர் தர வேண்டும். பெட்டியிலேயே விட்டுவிடாமல் பயன்படுத்துங்கள், தோட்டாவைத் தனி இடத்தில் பூட்டுங்கள். டெக்ஸாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேறு வழி கிடையாது.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மிகக் கடுமையானது. துப்பாக்கி மட்டுமல்ல. ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையையே விடுமுறைக்கும் எடுத்துப்போய், ஓரத்தில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை வாங்கி, அதைக் காரோடு விட்டுவிடுங்கள். சட்டைப் பை, கோட்டுப் பை எல்லாவற்றையும் ரேஞ்சிலிருந்து கிளம்பும்போதே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.